தண்ணீருக்கு அஞ்சியவர் கடல் கடந்தார்

நியூயார்க் நகரம் தன் இத்தாலியக் குடியேறிகளின் பாரம்பரியத்தைக் கொண்டாடும் கொலம்பஸ் நாளன்று, 2020ஆம் ஆண்டு அங்கே ஒரு சிலை திறக்கப்பட்டது. காகிதப் படகில் இரு குழந்தைகளோடு நிற்பவர் புனித பிரான்சிஸ் சேவியர் கப்ரினி.

1850இல் இத்தாலியின் லொம்பார்டியில் பிறந்த இவர், சிறுவயதில் காகிதப் படகுகளில் பூக்களை ஏற்றி, அவற்றை மறைபரப்பாளர்களாக எண்ணி நீரில் மிதக்கவிடுவார். ஒருநாள் தவறி உள்ளே விழுந்தார். அந்த அச்சம் பிறகும் அவரை விடவில்லை. 1880இல் திருஇதய மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். புனித சவேரியாரைப் போல் கிழக்கே, சீனாவுக்குச் செல்ல விரும்பினார். திருத்தந்தை 13ஆம் லியோவோ மேற்கே போகுமாறு பணித்தார்.

1889 மார்ச் 31 அன்று ஆறு சகோதரிகளோடு நியூயார்க் வந்தபோது, அவர்களுக்கான இல்லம் தயாராக இல்லை. இத்தாலிக்கே திரும்பிப் போகுமாறு பேராயர் கூறினார். திருத்தந்தை அனுப்பியதால் வந்தோம் என்று பணிவோடு சொல்லி அங்கேயே தங்கினார் அன்னை. மொழி தெரியாமல், குறைந்த கூலிக்கு உழைத்து, ஏளனத்துக்கு உள்ளான இத்தாலிய ஏழைகளே அவரது பணித்தளம். பள்ளிகள், அனாதை இல்லங்கள், மருத்துவமனைகள் எனப் பல நாடுகளில் 67 நிறுவனங்களை உருவாக்கினார். அஞ்சிய கடலை இருபதுக்கும் மேற்பட்ட முறை கடந்தார். 1909இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அவர், 1917 டிசம்பர் 22 அன்று சிகாகோவில் இறைவனடி சேர்ந்தார். 1946இல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1950இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அவரைக் குடியேறிகளின் பாதுகாவலியாக அறிவித்தார்.

இன்று அந்நகரம் பெருமையோடு கொண்டாடும் மக்கள், அன்று பலரும் விரும்பாத அந்நியர்கள். நம் ஊருக்குப் பிழைப்புத் தேடி வருவோரை நாம் எப்படி நடத்துகிறோம்? அச்சம் நீங்கட்டும் எனக் காத்திராமல், அச்சத்தோடே இறைவன் காட்டும் திசையில் நாம் நடக்க அன்னை கப்ரினி நமக்காக மன்றாடுவாராக.