அரியவற்றை அளந்த அறிஞர்

பிரான்சு நாட்டின் பித்திவியே என்னும் ஊரில் 1781ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள் சிமியோன் தெனி பாய்சான் பிறந்தார். முன்னாள் படைவீரரான தந்தை, மகனை மருத்துவராக்க விரும்பி, அறுவை மருத்துவரான உறவினரிடம் பயிற்சிக்கு அனுப்பினார். நுண்ணிய அறுவைப் பணிக்கு அவருடைய கைகள் இணங்கவில்லை. அப்பயிற்சியை விடுத்துக் கணிதம் பயின்றார். 1798இல் பாரிசின் எக்கோல் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் முதலிடம் பெற்றார். அங்கு லாக்ராஞ்சும் லாப்லாசும் அவரை ஊக்குவித்தனர். 1806இல் அங்கேயே பேராசிரியரானார்.

அக்காலப் பிரான்சில் பெருங்குற்ற வழக்குகளில் ஜூரி எனப்படும் நடுவர் பன்னிருவர் முடிவு கூறினர். எத்தனை நடுவர் உடன்பட்டால் ஒருவரைத் தண்டிக்கலாம் என்பது குறித்த சட்டம் 1830களில் இருமுறை மாறியது. எண்ணிக்கை குறைந்தால் குற்றமற்றவர் தண்டனை பெறக்கூடும். மிகுந்தால் குற்றவாளி தப்பக்கூடும். அரசு 1825 முதல் தொகுத்த வழக்கு விவரங்களைக் கொண்டு பாய்சான் இச்சிக்கலை நிகழ்தகவு முறையில் ஆராய்ந்தார். அந்நூல் 1837இல் வெளிவந்தது. அவர் பெயரை நிலைநிறுத்திய பரவல், அதில் ஒரு சிறு பகுதியாகவே இடம்பெற்றது.

அதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடும் அச்சகம் ஒன்றை எண்ணுக. ஒரு பக்கத்தில் 1000 எழுத்துகள் உள்ளன; ஓர் எழுத்து பிழையாவதற்கான நிகழ்தகவு 0.002 எனக் கொள்க. பக்கம் முழுதும் பிழையின்றி அமையும் நிகழ்தகவை ஈருறுப்புப் பரவலால் காண, 0.998 என்னும் எண்ணின் 1000ஆம் அடுக்கைக் கணிக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.1351. பாய்சான் முறையில், 1000ஐ 0.002ஆல் பெருக்கினால் சராசரி 2 கிடைக்கும். 2.7183 என்னும் எண்ணின் இருபடியால் 1ஐ வகுத்தால் விடை 0.1353. வேறுபாடு மிகச் சிறிது. உழைப்போ பன்மடங்கு குறைவு. முயற்சிகள் மிகப் பலவாகவும், ஒவ்வொன்றிலும் நிகழ்தகவு மிகச் சிறியதாகவும் இருக்கும்போதே இத்தோராயம் பொருந்தும். நாணயத்தைப் பத்து முறை சுண்டும் நிகழ்வுக்கு இது பொருந்தாது.

பாய்சான் 1840 ஏப்ரல் 25இல் மறைந்தார். அவருடைய பரவலை அறிஞர் பலர் நெடுநாள் பொருட்படுத்தவில்லை. 1898இல் போர்ட்கீவிச் என்பவர், பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் இருபதாண்டுக் கணக்கு இப்பரவலோடு ஒத்திருப்பதைக் காட்டினார். அதன்பின் அது உலகெங்கும் பரவியது. இன்று விபத்துகள், தொலைபேசி அழைப்புகள், ஆலைப் பொருள்களின் குறைபாடுகள் ஆகியவற்றைக் கணிக்க அது உதவுகிறது. நீதி பிழையாதிருக்க வழி தேடியவரின் ஆய்வு, அரிதாய் நிகழ்வனவற்றையும் எண்ணி அறியும் கருவியை உலகிற்கு அளித்தது.