நாடு அளந்த சங்கிலியும் நம்ம எஸ்.க்யூ.எல். க்வெரியும்

பசுமலையில் நின்று போனில் லொகேஷன் பாருங்க. தீர்க்கரேகை 78 டிகிரியை ஒட்டிக் காட்டும். அந்த 78-ஐ ஒட்டித்தான், 200 வருஷம் முன்னாடி, கன்னியாகுமரியிலிருந்து வடக்கே ஒருத்தர் நாட்டையே அளந்துகொண்டு போனார். வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் சிறைப்பட்டவர். 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரின்போது, ஒரு ராத்திரி நட்சத்திரங்களைப் பார்த்தே, படை தப்பான திசையில் போகிறது என்று சொன்னவர். பூமியின் வடிவத்தைச் சரியாகக் கணக்கிடணும் என்பதுதான் அவருடைய ஆசை.

1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. சுமார் 12 கிலோமீட்டர் நேர்கோடு. அதற்காகச் சங்கிலியை 400 தடவை வைத்தார்கள். 57 நாள் ஆனது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் தெர்மாமீட்டர் வைத்து அதையும் கணக்கில் சேர்த்தார்.

இப்போ கவனிங்க. இதே மாதிரி நாடு முழுக்கச் சங்கிலி போட முடியுமா? அவர் போடவில்லை. அந்த ஒரு கோட்டை முக்கோணத்தின் பக்கமாக வைத்து, கோணங்களை மட்டும் அளந்தார். கிடைத்த பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிப்படை. முந்தைய விடையை எடுத்துக்கொண்டு முன்னே போவது, அவ்வளவுதான்.

நம்ம டேட்டாபேஸிலும் இதே கதைதான். பஸ் ரூட்டில் 1,000 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஆரம்பத்திலிருந்து எவ்வளவு தூரம்? பலர் எழுதும் க்வெரி, ஒவ்வொரு வரிக்கும் முதல் வரியிலிருந்து மறுபடி கூட்டும். அது சுமார் 5 லட்சம் கூட்டல். விண்டோ ஃபங்ஷனில், 'லேக்' முந்தைய புள்ளியைத் தரும். அதிலிருந்து துண்டுத் தூரம் வரும். பிறகு 'சம் ஓவர் ஆர்டர் பை' கூட்டிக்கொண்டே போகும். 1,000 கூட்டல் போதும், க்வெரியும் நாலு வரியில் முடியும்.

ஆனா ஒரு ஆபத்து. முந்தைய விடையை நம்பினால், அதிலுள்ள பிழையும் கூடவே வரும். லாம்டனுக்கு இது தெரியும். அதனால் பெங்களூரு அருகே 1804-ல் இன்னொரு நேர்கோட்டைத் தரையிலேயே அளக்க வைத்தார். கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசம் நாலு அங்குலத்துக்கும் குறைவு!

மலையே இல்லாத தஞ்சைச் சமவெளியில் கோயில் கோபுரங்கள்தான் அவருக்கு மலை. 1808-ல் பெரிய கோயில் மேலே அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறொருவராக இருந்தால் ஊருக்குக் கிளம்பியிருப்பார். இவர் ஆறு வாரம் உட்கார்ந்து தானே தட்டித் தட்டிச் சரிசெய்தார்.

1815-க்குள் கன்னியாகுமரி பக்கத்திலிருந்து பீதர் வட்டாரம் வரை, கிட்டத்தட்ட 10 டிகிரி அளந்து முடித்தார். 1823 ஜனவரியில், எழுபதை நெருங்கிய வயதில், சர்வே பயணத்திலேயே ஹிங்கன்காட்டில் இறந்தார். அவருக்குப் பின் வந்த எவரெஸ்டின் பெயர் உலகின் உயரமான சிகரத்துக்குக் கிடைத்தது. லாம்டனுக்கு மிஞ்சியது மகாராஷ்டிராவில் ஒரு கல்லறை.

அடுத்த ப்ராஜெக்டில் தூரம் கூட்டும்போது, நடுநடுவே ஒரு கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்க. வேகம் க்வெரி தரும். நம்பிக்கையை அந்தக் கல்தான் தரும்.