உங்க அக்காவின் மகப்பேறு ஃபார்மில் இருக்கும் அந்தப் பெயர்... யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

வீட்டில் அக்காவோ அண்ணியோ கர்ப்பமாக இருந்தால், ஒரு வேலை கண்டிப்பாக உங்க தலையில்தான் விழும். ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், ரேஷன் கார்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஏரியா நர்ஸம்மாவிடம் ஓடணும். அப்புறம், பணம் ஏறிடுச்சான்னு மொபைலில் மெசேஜ் பார்த்துக்கிட்டே இருக்கணும். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும். பிரசவ நேரத்தில் வேலைக்குப் போக முடியாது, சம்பளம் நின்றுவிடும். வாடகையும் கேஸ் சிலிண்டரும் நிற்காது.

அந்தத் திட்டத்தின் பெயர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். ஃபார்மில் அந்தப் பெயரைப் பல தடவை பார்த்திருப்பீங்க. யார்னு தேடிப் பார்த்திருக்கீங்களா?

2019 ஜூலை 30 அன்று கூகுள் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு, ஒரு பெண்மணியின் டூடுல் ஞாபகம் இருக்கலாம். அது இவர்தான். உங்க தாத்தா பாட்டிக்குப் பிடித்த காதல் மன்னன் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை. ஆனால், டூடுலும் சினிமா சொந்தமும் இவருக்குச் சின்ன அடையாளங்கள். தன் வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு கஷ்டத்தின்போதும், இதே கஷ்டம் இன்னும் எத்தனை வீடுகளில் இருக்கும் என்று கணக்குப் போட்டவர் இவர். அதற்காக ஒரு சட்டமோ, ஒரு கட்டடமோ கொண்டுவந்து நிறுத்தாமல் ஓய்ந்ததில்லை.

அம்மாவின் வலி

1886 ஜூலை 30. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வர், பிராமண சமூகத்தைச் சேர்ந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். இந்த உறவால் அப்பாவின் சொந்தபந்தங்கள் அவரை ஒதுக்கிவைத்தன.

தேவதாசி முறை என்றால் என்னன்னு சுருக்கமாகச் சொல்லிடலாம். சிறுமியாக இருக்கும்போதே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விட்டுவிடுவார்கள். அதன் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஊரறியக் கல்யாணம் கிடையாது. நம்ம ஊரின் பாட்டையும் ஆட்டத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் இவர்கள். ஆனால் காலப்போக்கில், பல பெண்களின் வாழ்க்கை பணக்கார ஆண்களின் தயவில் ஓடுவதாக மாறிப்போனது. அம்மா பிறந்த குடும்பம் என்பதால், அந்த வாழ்க்கையின் வலி முத்துலட்சுமிக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

வயதுக்கு வந்ததும் அந்தக் கால வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவுக்கோ மகளுக்குச் சீக்கிரம் கல்யாணத்தை முடிக்கணும்னு கவலை. அப்பா விடவில்லை, வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்தது காலேஜ். அங்கே படித்தவர்கள் எல்லாரும் பையன்கள். ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் மகாராஜாவே தலையிட்டு அனுமதி கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பரிசுகளோடு டாக்டர் பட்டம். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பெண் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்த முதல் ஆள் இவர்தான். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். அதற்கு முன்பு ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் கல்யாணம். 110 வருஷத்துக்கு முந்தைய கதைங்க இது!

தங்கைக்கு நேர்ந்தது

நல்ல பிராக்டீஸ், ரெண்டு ஆண் குழந்தைகள் என வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தபோது தங்கை சுந்தரம்மாளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. குடலில் புற்றுநோய். அதைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. தங்கை சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தார்.

யோசித்துப் பாருங்க. அக்கா டாக்டர், மாமா டாக்டர். நகரத்தின் பெரிய மருத்துவர்களைத் தெரியும், கையில் பணமும் இருக்கிறது. அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. அப்போ இதெல்லாம் இல்லாத வீட்டில் ஒரு பெண்ணுக்கு இதே நோய் வந்தால்? இந்தக் கேள்வியை முத்துலட்சுமி 30 வருஷம் சுமந்தார்.

1925-ல் அரசு உதவித்தொகையில் லண்டன் போய்ப் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி எடுத்தார். புற்றுநோய்க்கென்றே தனியாக மருத்துவமனை இருப்பதை அங்கே பார்த்தார். இங்கே ஏன் இல்லை என்ற யோசனையோடுதான் ஊர் திரும்பினார்.

சட்டமன்றத்தில் ஒரு டாக்டர்

வந்ததும் அரசியல் அழைத்தது. 1926-ல் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குப் போன முதல் பெண் இவர். 1927-ல் அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே பேசியது எல்லாம் வீட்டுச் சமாச்சாரம்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், சின்னப் பெண்களுக்குக் கல்யாணம் பண்ணிவைப்பதை நிறுத்த வேண்டும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார்.

பெரிய சண்டை, பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து நடந்தது. இதில் அவர் முதலில் கை வைத்த இடத்தைக் கவனிங்க. தேவதாசிகளுக்குக் கோயில் சேவைக்காக மானிய நிலம் இருந்தது. சேவையை விட்டால் நிலம் போய்விடும், நிலம் போனால் சோறு போய்விடும் என்பதுதான் நிலைமை. 1929-ல் வந்த சட்டத் திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. கோயில் சேவையிலிருந்து விலகினாலும் நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கலாம் என்றது. பழக்கத்தை விடச் சொல்வதற்கு முன்னால் பிழைக்க வழி இருக்கணும் என்ற கணக்கு அது.

எல்லாரும் கைதட்டவில்லை. சபைக்குள் சத்தியமூர்த்தி போன்றவர்கள் எதிர்த்தார்கள். வெளியே, புகழ்பெற்ற பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்களே எதிர்த்து மனு கொடுத்தார்கள். தங்கள் கலையும் சொத்துரிமையும் மரியாதையும் சேர்ந்து போய்விடும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் வெறும் பிடிவாதம் இல்லை. நிலமே இல்லாத பெண்கள் அப்புறம் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்வியை ஆய்வாளர்கள் இன்றும் எழுப்புகிறார்கள். மறுபக்கம், அதே சமூகத்திலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் இந்த வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். கல்லூரி மாணவிகளுக்கு மாசம் 1,000 ரூபாய் வருகிறதே, அந்தப் புதுமைப் பெண் திட்டத்தில் இருப்பது இவர் பெயர்தான்.

1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியைத் தூக்கிப் போட்டார். அவர் தொடங்கிவைத்த பொட்டுக்கட்டுத் தடை, 1947-ல்தான் முழுச் சட்டமானது.

கதவைத் தட்டிய பெண்கள்

சட்டம் பேசினால் போதுமா? அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வரும் பெண் ராத்திரி எங்கே தூங்குவாள்? 1930-ல் இந்தக் கேள்வி முத்துலட்சுமியின் வீட்டு வாசலுக்கே வந்தது. தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் மூன்று பேர், வேறெங்கும் இடம் கிடைக்காமல் அவரைத் தேடி வந்தார்கள். விடுதிகளில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காரணம், பிறந்த குடும்பம். தன் வீட்டிலேயே தங்கவைத்தார். ஔவை இல்லம் பிறந்த கதை இதுதான்.

சாப்பாடு, படுக்கை, படிப்பு, ஒரு தொழில். இந்த நாலும் சேர்ந்தால்தான் ஒரு பெண் சொந்தக் காலில் நிற்க முடியும் என்பது அவர் எண்ணம். இல்லம் பிறகு அடையாறு பக்கம் சொந்த இடத்துக்குப் போனது, பள்ளிக்கூடமும் வந்தது. ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு இன்றும் அது வீடாக இருக்கிறது.

12 படுக்கைகளில் தொடங்கியது

தங்கை இறந்து வருஷங்கள் ஓடிவிட்டன. புற்றுநோய் மருத்துவமனை பேச்சு மட்டும் நிற்கவில்லை. எத்தனையோ பேர் தலையாட்டவில்லை. வந்தால் சாவுதான் என்கிற நோய்க்கு எதற்குத் தனி மருத்துவமனை என்பது அந்தக் காலத்துப் பொதுப் புத்தி. பெண்கள் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மொத்தமே 12 படுக்கைகள். அப்போது முத்துலட்சுமிக்கு 67 வயது, மற்றவர்கள் ரிட்டயர்டு ஆகி ஓய்வெடுக்கும் வயது.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதைக் கட்டி வளர்த்தார்கள். சாந்தா அம்மா 2021-ல் மறையும் வரை அந்த வளாகமே அவர் உலகம். நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். பணம் இல்லாதவர்களுக்கு இலவசமாகவோ, குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை கொடுப்பது அங்கே ஆரம்பம் முதல் உள்ள வழக்கம்.

1956-ல் பத்ம பூஷண் விருது வாங்கிய முத்துலட்சுமி, 1968 ஜூலை 22-ல், 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்பு காலமானார்.

சரி, பொழிச்சலூரில் இருக்கிற நமக்கு?

பொழிச்சலூரை ஒட்டிப் போகிற ஆறு எதுன்னு தெரியும்தானே. 2015 டிசம்பரில் நம்ம தெருக்களுக்குள் வந்த அதே அடையாறு. அது கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கும் பகுதியில்தான் ஔவை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. ரொம்ப தூரமில்லை. அவர் யோசித்த பாதையில் வந்த சில உதவிகளோ இன்னும் பக்கத்தில், உங்க தெரு வரைக்கும் வருகின்றன. தெரிஞ்சு வச்சுக்கோங்க.

மகப்பேறு நிதியுதவி 2006-ல் 6,000 ரூபாயாக இருந்தது. 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என உயர்ந்தது. இதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதி 4,000 ரூபாய்க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில், 19 வயது நிறைந்த பெண்ணுக்கு, முதல் ரெண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். கர்ப்பம் உறுதியானதும் சீக்கிரமே அரசு சுகாதார நிலையத்தில் பதிவு பண்ணணும். தள்ளிப்போட்டால் தவணையும் தள்ளும். அதைவிட முக்கியம், ரத்தசோகை, பிரஷர், சுகர் பரிசோதனையும் தள்ளிப்போகும். பணத்தைத் தவணைகளாகப் பிரித்திருப்பதே, பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் அம்மாவும் குழந்தையும் தவறாமல் வரணும் என்பதற்காகத்தான். நீங்க வேற ஊரிலிருந்து பொழிச்சலூருக்கு வாடகைக்கு வந்தவங்களா? அங்கே பதிவு பண்ணின எண்ணை மறக்காமல் வாங்கி வச்சுக்கோங்க.

அடுத்தது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவுக்கு உதவும். புற்றுநோய் சிகிச்சைகளும் இதில் வரும். நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலையாமல், இப்பவே கார்டு வாங்கி வைப்பது நல்லது.

மூன்றாவது விஷயத்துக்குக் காசே வேண்டாம். மார்பில் கட்டி, காரணமில்லாத ரத்தப்போக்கு, மலத்தில் ரத்தம், ஆறாத வாய்ப்புண் என்று அம்மா எதையாவது சொல்லாமல் மறைக்கலாம். நம்ம அம்மாக்கள் மறைப்பார்கள், செலவாகுமே என்று. நீங்களே பேச்சை எடுங்க. அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்க்கான ஆரம்பப் பரிசோதனை இலவசம். சுந்தரம்மாளின் வயிற்றுக்குள் இருந்த நோய் சீக்கிரம் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு உங்க அம்மாவுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்க, திங்கட்கிழமை கூட்டிட்டுப் போங்க.