கஞ்சமலையும் ஹீத் துரையும்

கஞ்சமலையைச் சேலத்துத் தோழர்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விஞ்ஞானத்துக்குச் சர்க்கார் கைகொடுக்க வேண்டும் என்று இன்று மேடைதோறும் பேசப்படுகிறதே, அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம், சேலத்து இரும்பை நம்பி வாழ்வைப் பணயம் வைத்த ஒரு வெள்ளையரின் கதை நமக்கு நினைவுக்கு வருகிறது.

ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தர். நம் உருக்கு வினைஞர்கள் இரும்புத் துண்டை ஆவாரம் விறகோடும் எருக்கிலையோடும் மண்மூசையில் அடைத்து, உலையிலிட்டு, உயர்ந்த உருக்கு எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தவர். அந்த வினைஞர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. பெயர் நின்றது துரைக்கு!

உத்தியோகத்தை விட்டார். 1830இல் பரங்கிப்பேட்டையில் ஆலை எழுப்பினார். சேலத்துக் கனிமம் பரிசலேறி ஆற்றுவழியே அங்கே போயிற்று. கம்பெனி சர்க்கார் கடன் கொடுத்தது. ஆனால் ஊதுலைக்கு நிலக்கரி இல்லை. காட்டை எரித்த கரிதான். காடு சுருங்கச் சுருங்கச் செலவு ஏறியது, கடனும் ஏறியது. கடன் கொடுத்த சர்க்கார், எரிபொருளுக்கு வழி என்ன என்று முதலிலேயே யோசித்திருக்க வேண்டாமா? 1874க்குள் எல்லாம் இழுத்து மூடப்பட்டது.

ஹீத் அதற்கு முன்பே ஷெப்பீல்டு போய்விட்டார். மாங்கனீசைச் சேர்த்தால் மலிவான இரும்பிலும் நல்ல உருக்கு வரும் என்று கண்டு, 1839இல் பேட்டண்ட் பெற்றார். உருக்கு விலை சரிந்தது, முதலாளிகள் கொழித்தார்கள். மாங்கனீசைத் தனியே கார்பனோடு சேர்த்துப் போடுவதாகத்தான் பத்திரத்தில் இருந்தது. ஆக்சைடையும் தாரையும் மூசையிலேயே போட்டால் போதும் என்பது ஹீத்தே பின்னர் சொல்லிக்கொடுத்த சிக்கன வழி. அவருடைய ஏஜெண்டாயிருந்த அன்வின் அதையே பிடித்துக்கொண்டு, இது பத்திரத்தில் இல்லை, பணம் தரமாட்டேன் என்றார்! ஆண்டுக்கணக்கில் வழக்கு. 1851இல் ஹீத் வறுமையில் மாண்டார். 1855இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கமே தீர்ப்பளித்தது.

சேலத்துக்கு உருக்காலை கேட்டு அறிஞர் அண்ணாவின் ஆட்சி 1967 ஜூலையில் எழுச்சி நாள் நடத்தியது. 1970இல் அடிக்கல், 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி. வந்ததோ, வெளியிலிருந்து வரும் எஃகைத் தகடாக உருட்டும் ஆலை. சொந்தமாக உருக்கும் பிரிவு 2010இல்தான் வந்தது. அந்த ஆலையையும் 2019இல் தனியாருக்கு விற்க டில்லி விளம்பரம் செய்தது. நம் தொழிலாளத் தோழர்கள் ஆலை வாசலில் திரண்டு நின்றார்கள்.