சமஷ்டி ஆட்சியின் அச்சாணி: ஜேம்ஸ் மடிசன்

உருவத்தைக் கொண்டு ஒருவரை மதிப்பிடலாகாது என்பதற்கு வள்ளுவப் பெருந்தகை உருண்டோடும் பெருந்தேரையும் அதன் சிறிய அச்சாணியையும் உவமையாகக் காட்டினார். அவ்வுவமைக்கு உலக அரசியல் வரலாற்றிலே ஓர் இலக்கியமாய் வாழ்ந்தவர் ஜேம்ஸ் மடிசன். ஏறக்குறைய ஐந்தடி நான்கு அங்குல உயரம், மெலிந்த உடல், இடையிடையே வந்து வருத்தும் நோய், சபையின் பின்வரிசைக்கு எட்டாத மென்குரல். வாஷிங்டனின் கம்பீரமோ, பற்றிக் ஹென்றியின் நாவன்மையோ இவரிடம் இருந்ததில்லை. எனினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பின் தந்தை என்று அந்நாட்டு மக்கள் போற்றுவது இவரையே.

சமஷ்டி என்னும் சொல்லை நம் நாட்டு மேடைகளிலும் பத்திரிகைகளிலும் நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். அச்சொல்லின் பின்னே நிற்கும் ஆட்சிமுறை எவ்வாறு சிந்திக்கப்பட்டது, எத்தகைய விட்டுக்கொடுப்புகளால் உருப்பெற்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு மடிசனின் வாழ்க்கை நல்லதொரு பாடமாகும்.

மடிசன் 1751ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆந் திகதி வேர்ஜீனியாவிலே, தாய்வழிப் பாட்டியாரின் இல்லத்திற் பிறந்தார். பன்னிரு மக்களுள் இவரே மூத்தவர். தந்தையார் மொன்ற்பீலியர் என்னும் பெரும் புகையிலைத் தோட்டத்துக்கு உரியவர். அத்தோட்டத்திலே அடிமைகள் பலர் உழைத்தனர். அக்காலத்து வேர்ஜீனியச் செல்வர்கள் தம் மைந்தரைத் தம் மாநிலக் கல்லூரிக்கே அனுப்புதல் வழக்கம். மடிசனோ 1769இல் வடக்கே நியூ ஜேர்சிக் கல்லூரிக்குச் சென்றார். இன்று பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகமாக விளங்குவது அக்கல்லூரியே. ஈராண்டிலே படிப்பை முடித்துக் கொண்ட அவர், கல்லூரித் தலைவர் ஜோன் விதர்ஸ்பூன் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞரிடம் மேலும் சில மாதங்கள் தங்கி ஹீபுரு மொழியும் பிறவும் கற்றார். நூல்களோடு பூண்ட அந்த உறவு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

கல்லூரியிலிருந்து மீண்ட இளைஞரின் உள்ளத்தை முதலிற் சுட்டது சமயக் கொடுமையாகும். வேர்ஜீனியாவில் இங்கிலாந்துத் திருச்சபையே அரசாங்கச் சபையாக இருந்தது. உரிமம் பெறாது போதனை செய்த பப்ரிஸ்த போதகர்கள் அயல் மாவட்டத்திலே சிறையிடப்பட்டனர். மடிசன் அச்சபையைச் சேர்ந்தவரல்லர்; ஆயினும் அவர்களுக்காக மனம் நொந்தார். 1776இல் வேர்ஜீனியா தன் உரிமைப் பிரகடனத்தை வகுத்தபோது, பிற சமயங்களைப் பொறுத்துக் கொள்ளுதல் வேண்டும் என்ற கருத்தே முதல் வரைவில் இருந்தது. இருபத்தைந்து வயதினரான மடிசன் அதனை ஏற்கவில்லை. பொறுத்துக் கொள்ளுதல் என்பது வலியோர் மெலியோர்க்கு இடும் பிச்சை. உரிமை என்பதோ யாவர்க்கும் சமமாகப் பிறப்பில் வருவது. அவ்வேறுபாட்டை நன்குணர்ந்த அவர், சமய வழிபாட்டில் எல்லாருக்கும் சம உரிமை உண்டு எனப் பொருள்படுமாறு அவ்வாசகத்தை மாற்றுவித்தார். 1785இல் கிறித்தவ போதகர்களின் ஊதியத்துக்கென வரி விதிக்கும் மசோதா வந்தபோது, அதனை எதிர்த்து விண்ணப்பம் எழுதி மக்களின் கையொப்பங்களைத் திரட்டினார். அம்மசோதா வீழ்ந்தது. மறு ஆண்டு, ஜெபர்சன் முன்னரே எழுதி வைத்திருந்த சமய சுதந்திரச் சட்டம் மடிசனின் முயற்சியால் நிறைவேறியது.

இடையிலே ஒரு தேர்தலில் அவர் தோற்றதும் உண்டு. வாக்காளருக்கு மது வழங்கி ஆதரவு பெறுதல் அக்காலத்து வழக்கமாயிருந்தது. அது தகாதென மறுத்த மடிசன் 1777இல் தம் இருக்கையை இழந்தார்.

விடுதலைப் போரில் வென்ற பதின்மூன்று மாநிலங்களும் 1781 முதல் ஒரு தளர்ந்த கூட்டணியாகவே இயங்கின. காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், அவ்வளவே. பெரிது சிறிது என்ற வேறுபாடின்றி மாநிலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. அடிப்படை விதியைத் திருத்துவதற்குப் பதின்மூன்று மாநிலங்களும் இணங்க வேண்டும். இறக்குமதிப் பொருள்கள்மீது நூற்றுக்கு ஐந்து வீதம் வரி விதிக்கும் யோசனை ரோட் ஐலண்ட் என்னும் மிகச் சிறிய மாநிலம் மறுத்தமையால் நின்றுபோயிற்று. போர்வீரர்க்குச் சம்பளம் கொடுக்கவும் கடனைத் தீர்க்கவும் வழியற்றுக் காங்கிரஸ் தவித்ததை, 1780 முதல் அதில் உறுப்பினராயிருந்த மடிசன் நேரிற் கண்டார். 1786இல் மசாச்சுசெற்சில் கடன்பட்ட கமக்காரர் டானியல் ஷேய்ஸ் என்பாரின் தலைமையிற் கிளர்ந்தெழுந்தபோது, நாடு சிதறிவிடுமோ என்ற அச்சம் எங்கும் பரவிற்று.

பிறர் அஞ்சியிருந்த வேளையில் மடிசன் படித்தார். பாரிஸ் நகரிலே தூதராயிருந்த ஜெபர்சன் அவர் வேண்டுகோளின்படி பெட்டி பெட்டியாக நூல்களை அனுப்பி வைத்தார். பண்டைக் கிரேக்க நாட்டுக் கூட்டணிகள், சுவிற்சலாந்து, ஒல்லாந்து முதலியவற்றின் கூட்டாட்சிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவை எக்குறையினால் நலிந்தன எனக் குறிப்பெடுத்தார். ஆய்வின் முடிபு தெளிவானது. மாநிலங்களுக்குக் கட்டளையிடும் கூட்டணியில், ஒரு மாநிலம் பணிய மறுத்தால் படையனுப்புவதன்றி வேறு வழியில்லை. அது போரேயன்றி ஆட்சியாகாது. ஆகவே மத்திய அரசாங்கம் தனக்குரிய துறைகளில் நேரே குடிமக்கள்மீது சட்டம் செலுத்துவதாய், நீதிமன்றங்கள் வாயிலாக அதனை நிறைவேற்றுவதாய் இருத்தல் வேண்டும். ஏனைய துறைகள் மாநிலங்களின் கையிலே இருக்கலாம். ஒரே குடிமகன் இரு அரசாங்கங்களின்கீழ், ஒவ்வொன்றுக்கும் உரிய எல்லையளவில் வாழ்தல் என்னும் இப்புதுமையே அமெரிக்க சமஷ்டியின் உயிர்நாடியாகும்.

1787ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி, பிற மாநிலப் பிரதிநிதிகள் எவரும் வருமுன்னரே, மடிசன் பிலடெல்பியா நகரை அடைந்தார். போதிய உறுப்பினர் கூடி மாநாடு தொடங்கியது மே 25ஆந் திகதியே. அக்காத்திருப்பு நாள்கள் வீணாகவில்லை. வேர்ஜீனியப் பிரதிநிதிகள் நாடோறுங் கூடிப் பதினைந்து தீர்மானங்கள் கொண்ட திட்டமொன்றை வகுத்தனர். அதன் கருத்துகளிற் பெரும்பாலன மடிசனுடையவை; ஆனால் மாநாட்டின் முன் அதனை வைத்தவர் தோற்றப் பொலிவும் நாவன்மையும் மிக்க ஆளுநர் எட்மண்ட் ராண்டொல்ப். புகழ் பிறர்க்காயினும் காரியம் நிறைவேறுதல் வேண்டும் என்பதே மடிசனின் இயல்பு. தலைவர் வாஷிங்டனுக்கு முன்னே, எல்லார் பேச்சும் செவியில் விழத்தக்க இடத்தில் அமர்ந்து, நாடோறும் நிகழ்ந்த வாதங்களைக் குறித்து வந்தார். தாமே நூற்றைம்பது முறைக்கு மேற் பேசியும் குறிப்பெழுதுதலை அவர் விடவில்லை. அம்மாநாட்டில் நிகழ்ந்தவற்றை இன்று நாம் விரிவாக அறிவது பெரும்பாலும் அவர் எழுதுகோலினாலேயாம்.

அரசியலமைப்பின் தந்தை எனப்படுபவர் தாம் விரும்பியவாறே அதனை ஆக்கிக் கொண்டார் எனப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. காங்கிரசின் இரு சபைகளிலும் குடித்தொகைக்கேற்பப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்றார் மடிசன். அவ்வாறாயின் பெரிய மாநிலங்கள் தம்மை விழுங்கிவிடும் என அஞ்சிய சிறிய மாநிலங்கள், வில்லியம் பற்றர்சன் வாயிலாக எதிர்த் திட்டமொன்றை முன்வைத்தன. வாரக்கணக்கிற் சச்சரவு நீண்டது. ஜூலை 16ஆந் திகதி, பிரதிநிதிகள் சபையிலே குடித்தொகைப்படியும், செனற் சபையிலே மாநிலங்களுக்குச் சமமாகவும் இடங்கள் என்ற இணக்கம் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. மடிசன் தோற்றார். மறுநாட் காலை பெரிய மாநிலத்தார் கூடி ஆலோசித்தும் ஒருமுடிபுக்கு வரவில்லை. அன்றைய அமர்விலேயே, மாநிலச் சட்டங்களை இரத்துச் செய்யும் அதிகாரம் காங்கிரசுக்கு வேண்டும் என்ற அவருடைய மற்றொரு முக்கிய யோசனையும் தள்ளப்பட்டது. இவ்வமைப்பு தன் நோக்கத்தை நிறைவேற்றாது என ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதுமளவுக்கு அவர் சோர்வுற்றார்.

ஈண்டுதான் மடிசனின் பெருமையை நாம் காண்கின்றோம். தாம் தோற்ற மாநாட்டின் முடிபை அவர் உதறவில்லை. செப்டெம்பர் 17இல் முப்பத்தொன்பது பிரதிநிதிகள் ஒப்பமிட்டனர். அவருள் மடிசனும் ஒருவர். மாநிலங்களின் இசைவைப் பெறுதற்பொருட்டு ஹமில்ற்றன், ஜே ஆகிய இருவருடனுங் கூடிப் பப்ளியஸ் என்னும் புனைபெயரில் நியூ யோர்க் பத்திரிகைகளிற் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். எண்பத்தைந்து கட்டுரைகளுள் இருபத்தொன்பது இவருடையவை எனக் கொள்வர்.

அவற்றுள் 1787 நவம்பரில் வெளிவந்த பத்தாங் கட்டுரை பெரும் புகழ் வாய்ந்தது. குடியரசு சிறிய நாட்டிலேயே நிலைக்கும் என்பது அக்கால அறிஞர் கொள்கை. மடிசன் அதனைத் தலைகீழாக்கினார். சிறிய நாட்டிலே ஒரு கூட்டத்தார் எளிதிற் பெரும்பான்மையாகி ஏனையோரை ஒடுக்குவர். பரந்த நாட்டிலோ தொழிலாலும் சமயத்தாலும் நலன்களாலும் வேறுபட்ட கூட்டங்கள் பலவாதலின் எந்த ஒன்றும் நிலையான பெரும்பான்மை பெறுதல் அரிது என்றார். பெரும்பான்மையோரின் விருப்பம் என்ற ஒன்றினாலேயே ஒரு செயல் நீதியாகிவிடாது என்பதை அவர் தெளிந்திருந்தார். ஐம்பத்தோராங் கட்டுரையிலே, அதிகாரம் முதலில் மத்திக்கும் மாநிலத்துக்குமாகவும், பின்னர் அவ்விரண்டினுள்ளும் சட்டம், நிர்வாகம், நீதி எனவும் பகுக்கப்படுவதால் மக்களுரிமைக்கு இரட்டைக் காவல் கிடைக்கின்றது என விளக்கினார். தாம் எதிர்த்த சமநிலைச் செனற் சபையை, மாநிலங்களின் இறைமைக்கு அளித்த அங்கீகாரமாகக் கொண்டு அதற்கும் நியாயம் கூறினார்.

1788 ஜூன் மாதத்தில் வேர்ஜீனிய மாநாடு ரிச்மண்ட் நகரிற் கூடியது. இடிமுழக்கமெனப் பேசும் பற்றிக் ஹென்றி ஒருபுறம். பேச்சைப் பதிவு செய்வோர்க்கே கேளாத குரலில், தொப்பிக்குள் வைத்த குறிப்புகளை நோக்கிப் பேசிய மடிசன் மறுபுறம். சில நாள் நோயினாற் படுக்கையிலுங் கிடந்தார். எனினும் ஆதாரமும் அமைதியும் வென்றன. எண்பத்தொன்பது வாக்குகள் சார்பாகவும் எழுபத்தொன்பது எதிராகவும் விழுந்தன.

எதிர்ப்பாளர்கள் கூறிய குறைகளுள் ஒன்று மட்டும் மக்கள் மனத்திலே தைத்து நின்றது. குடிமக்களின் உரிமைகளைக் கூறும் பட்டயம் அரசியலமைப்பில் இல்லை. எழுத்திலுள்ள தடை வெறிகொண்ட பெரும்பான்மையைத் தடுக்காது என முன்னர் எண்ணியிருந்த மடிசன், ஜெபர்சனின் கடிதங்களாலும் பப்ரிஸ்த சபையாரின் கவலையாலும் மனம் மாறினார். பிரதிநிதிகள் சபைத் தேர்தலிலே பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் மொன்றோவை எதிர்த்து நின்றபோது, உரிமைத் திருத்தங்களைக் கொண்டுவருவதாக வாக்களித்தார். பனி கொட்டும் மாரியில் இருவரும் ஒன்றாகச் சென்று வாதிட்டு மீண்டனர். அக்குளிர் தம் மூக்கைப் பதம் பார்த்ததை மடிசன் முதுமையிலும் சொல்லி மகிழ்ந்தார். 336 வாக்குகளால் வென்ற அவர், 1789 ஜூன் 8ஆந் திகதி தம் வாக்கை நிறைவேற்ற எழுந்தார். சபை உறுப்பினர் பலர் அக்கறை காட்டவில்லை, அவர் விடவில்லை. காங்கிரஸ் பன்னிரு திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பியது. அவற்றுட் பத்து 1791 டிசம்பர் 15இல் நிறைவேறின. உறுப்பினர் சம்பளம் பற்றிய மற்றொன்று, இருநூற்றிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உறங்கிக் கிடந்து, 1992இல் இருபத்தேழாந் திருத்தமாகியது வியப்பினும் வியப்பே. மாநில அரசுகளும் மனச்சாட்சி, பத்திரிகை, ஜூரி விசாரணை ஆகிய உரிமைகளை மீறலாகாது என்ற அவருடைய திருத்தத்தைச் செனற் சபை தள்ளிவிட்டது. தம் திருத்தங்களுள் மிகவும் மதிப்புடையதென அவர் கருதியது அதுவே. 1868இன் பதினான்காந் திருத்தமும் அதன் வழிவந்த தீர்ப்புகளுமே அக்குறையைப் பெருமளவு நீக்கின.

பிற்கால வாழ்வைச் சுருங்கக் கூறுவோம். மத்திய அரசின் அதிகாரம் வரம்பு மீறுவதாகக் கண்டபோது, தம் பழைய தோழர் ஹமில்ற்றனையே எதிர்த்தார். அரசாங்கத்தை விமரிசிப்போரைத் தண்டிக்கும் சட்டம் 1798இல் வந்தபோது, வேர்ஜீனிய மன்றத்துக்குக் கண்டனத் தீர்மானம் எழுதிக் கொடுத்தார். ஜெபர்சனின் கீழ் வெளிநாட்டு அமைச்சராயிருந்து, 1809 முதல் 1817 வரை நான்காவது ஜனாதிபதியாக விளங்கினார். பிரித்தானியாவுடன் நிகழ்ந்த போரில் 1814 ஓகஸ்டில் தலைநகர் தீக்கிரையாயிற்று. அவர் மனைவியார் டொலி அம்மையார் வாஷிங்டனின் உருவப் படத்தைக் காப்பாற்றச் செய்து வெளியேறினார். பதவியின் இறுதி நாள்களில், வீதிகளும் கால்வாய்களும் அமைக்கும் மசோதாவொன்று வந்தது. அப்பணிகள் நாட்டுக்கு நன்மை என்பதை அவர் மறுக்கவில்லை. எனினும் அரசியலமைப்பு அவ்வதிகாரத்தைக் காங்கிரசுக்கு அளிக்கவில்லை எனக் கூறி ஒப்பம் மறுத்தார். முதுமையிலே, ஒரு மாநிலம் தனித்து நின்று மத்திய சட்டத்தைச் செல்லாதாக்கலாம் எனச் சிலர் வாதாடித் தம் பெயரையே துணைக்கழைத்தபோது, அதனையும் வன்மையாக மறுத்தார். மத்தி மீறினும் மாநிலம் மீறினும் வரம்பு ஒன்றே என்பது அவர் நிலை.

இத்தகையவரின் வாழ்விலே பெருங் களங்கமொன்று உண்டு. அதனை மறைத்தல் வரலாற்றுக்குச் செய்யுந் துரோகமாகும். உரிமைகளை வகுத்த மடிசன் நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளுக்கு எசமானராயிருந்தார். அடிமைமுறை தீதென அறிந்தும், பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகள் ஐவரை மூவராக எண்ணும் இணக்கத்துக்கு உடன்பட்டார். தம் மரண சாசனத்திலும் எவரையும் விடுவிக்கவில்லை. அவருக்குப் பின் டொலி அம்மையார் பலரை விற்றார். மடிசனின் இறுதி வேளையில் அருகிருந்த பணியாளரான போல் ஜெனிங்ஸ் என்னும் அடிமை பின்னர் விடுதலை பெற்று, வறுமையுற்ற அம்மையாருக்குத் தம் சிறு பொருளால் உதவினார் என்பதை அறியும்போது, எவர் பெரியவர் என்னும் வினா நம் நெஞ்சில் எழுகின்றது. அன்று தீராத அப்பிணி, 1861இல் உள்நாட்டுப் போராக வெடித்தது. 1865இன் பதின்மூன்றாந் திருத்தமே அடிமைமுறையை ஒழித்தது.

1836 ஜூன் 28ஆந் திகதி, எண்பத்தைந்தாம் வயதில் மடிசன் மொன்ற்பீலியரில் இறந்தார். பிலடெல்பியாவில் ஒப்பமிட்டோருள் இறுதியாக மறைந்தவர் அவரே. வாழ்நாளில் வெளியிடாது காத்து வைத்த அவர் குறிப்புகள் 1840இல் அச்சேறின.

தாம் எண்ணியது நிறைவேறாதபோது சபையை விட்டு வெளியேறுதல் எளிது. குறையுள்ள இணக்கத்தைத் தமதாக ஏற்று, எதிரியின் குறையிலுள்ள நியாயத்தையும் அதனுட் சேர்த்து, அதனைக் காத்து வளர்த்தல் அரிது. மடிசன் அவ்வரியதைச் செய்தார். அவர் செய்யத் தவறியதோ, ஒருசாராரின் உரிமையை விலையாகக் கொடுத்துப் பெறும் ஒற்றுமை நிலையாது என்பதை நமக்கு அறிவுறுத்துகின்றது. நாளை சபைகளிலே அமரவிருக்கும் நம் மாணவர்கள் இவ்விரண்டையும் அவர் வாழ்க்கையினின்று கற்றுக் கொள்வார்களாக.