ஜெயன்ட் வீல் தந்தவருக்கு என்ன ஆச்சு?

பொருட்காட்சியில ஜெயன்ட் வீல் உச்சியிலிருந்து இறங்கும்போது அடிவயிறு ஜிலீர்னு ஆகுமே... அதுக்கு நீங்க நன்றி சொல்ல வேண்டிய ஆள், ஜார்ஜ் ஃபெரிஸ். 1859-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் பிறந்த பாலப் பொறியாளர்.

1889-ல் ஈஃபிள் டவரைக் காட்டி அசத்தியது பாரிஸ். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அதை மிஞ்சுற மாதிரி ஒண்ணு தேவைப்பட்டது. சின்ன மர ராட்டினங்கள் ஏற்கெனவே உண்டு. ஃபெரிஸ் போட்ட பிளானோ, 264 அடி உயர இரும்பு ராட்டினம்! காத்துக்குத் தாங்குமான்னு பலருக்கும் பயம். அவர் நம்பியது சைக்கிள் சக்கரத்தின் சூட்சுமத்தை. மெல்லிய கம்பிகள் விளிம்பை இழுத்துப் பிடிக்க, மொத்த எடையையும் நடு அச்சு தாங்கியது. 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர். 50 சென்ட் டிக்கெட்டுக்கு இரண்டு சுற்று. 14 லட்சம் பேர் ஏறினார்கள்.

ஆனா, வந்த லாபத்தைப் பங்கு பிரிப்பதில் கண்காட்சி நிர்வாகத்தோடு வழக்கு, கடன்... 1896-ல் டைபாய்டு அவரைக் கொண்டுபோனபோது வயது 37. 1906-ல் அவரோட ராட்டினத்தையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

மிஞ்சியது பெயர் மட்டும்தான். ஆங்கிலத்தில் இன்னிக்கும் அது ஃபெரிஸ் வீல். அடுத்த தடவை உச்சியில் நிக்கும்போது, அவரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!