ஊர்கள் செவியுற்ற கதை

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ள ஊர் விருத்தாசலம். பீங்கான் தொழிலாலும் இரயில் சந்திப்பாலும் இந்நாளில் பெயர்பெற்றுள்ள இவ்வூருக்குத் திருமுதுகுன்றம் என்பது பழம்பெயர். இங்குள்ள பழமலைநாதர் திருக்கோயிலைப் 10-ஆம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்தவர், கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார். நெடுங்காலம் கல்வெட்டுகளில் மட்டுமே வாழ்ந்திருந்த அவ்வம்மையார், 1950-ஆம் ஆண்டிற்குப் பின்னர், எழுத்தறியாத உழவர் இல்லங்களிலும் பேசப்படும் பெயரினர் ஆனார். அப்பெயரை அங்கே கொண்டு சேர்த்தவர், கல்கி என்னும் புனைபெயர் பூண்ட ரா. கிருஷ்ணமூர்த்தி.

கிருஷ்ணமூர்த்தி 1899-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9-ஆம் நாள், மாயூரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர் ஊர்க் கணக்கர், செல்வர் அல்லர். காவிரி பாயும் அந்நாட்டு ஊர்களில் ஒருவர் பாரதமோ இராமாயணமோ படிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பது நெடுநாளைய வழக்கம். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாற் போதும். ஊர் முழுவதும் கதை அறிந்ததாகிவிடும். கல்கியின் எழுத்தைப் படிப்பவர், எதிரே அமர்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்பது போன்ற உணர்வைப் பெறுவர். அந்நடைக்கு இளமையில் அவர் கண்ட இவ்வழக்கமே வித்தாக இருத்தல் கூடும்.

அவர் திருச்சிராப்பள்ளியில் உயர்நிலைக் கல்வி பயின்றபோது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. 1921-இல், இறுதித் தேர்வு அணித்தாக இருந்த வேளையில், அவர் பள்ளியைத் துறந்தார். எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு அத்தேர்வே உத்தியோகத்திற்கு வாயில். அதனை அவர் தம் கையாலேயே அடைத்துக்கொண்டார். மறு ஆண்டில் ஓராண்டுச் சிறைவாசம் கிடைத்தது. வெளிவந்தபின், 1923-இல் திரு.வி.க. நடத்திய நவசக்தியில் துணையாசிரியராக அமர்ந்தார். பின்னர்த் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திற்குச் சென்று, மதுவிலக்கைப் பரப்புவதற்காக இராஜாஜி நடத்திய விமோசனம் என்னும் இதழில் பணியாற்றினார். குடியால் கெடும் எளிய குடும்பங்களின் துயரத்தை அவர்களே கேட்டு உணருமாறு எழுதுதல் அங்கு அவர் கடமையாயிற்று. கடுஞ்சொல் அடுக்கும் புலமை நடை அவ்வேலைக்கு உதவாது. அவருடைய தமிழ் தெளிந்தது அங்கேதான் எனலாம்.

அதன்பின் ஆனந்த விகடனில் சேர்ந்தார். கள்வனின் காதலி, தியாகபூமி ஆகிய தொடர்கதைகள் அவர் பெயரைத் தமிழ்நாடெங்கும் பரப்பின. 1941-இல் அவ்விதழை விட்டு நீங்கிச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மீண்டும் சிறை புகுந்தார். வெளிவந்தவுடன் நண்பர் சதாசிவத்தோடு கூடிக் கல்கி என்னும் இதழைத் தொடங்கினார். அதற்கு முதலாக அமைந்தது, எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் சாவித்திரி என்னும் படத்தில் நடித்துப் பெற்ற ஊதியம். பார்த்திபன் கனவும் சிவகாமியின் சபதமும் அவ்விதழில் தொடர்ந்து வெளிவந்தன.

தம் கதைகளைக் கேட்க மட்டும் அவர் மக்களை அழைத்தார் அல்லர். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று தம் இதழ் வாயிலாக வேண்டுகோள் விடுத்தார். பொதுமக்கள் நன்கொடை அனுப்பினர். 1945-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மணிமண்டபம் 1947-இல் திறந்துவைக்கப்பெற்றது. ஓர் எழுத்தாளரின் வாசகர்கள் ஒன்றுகூடி மற்றொருவருக்கு மண்டபம் எழுப்பிய செய்தி வேறெங்கும் எளிதில் காணக்கூடியதன்று.

1950-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29-ஆம் நாள் பொன்னியின் செல்வன் தொடங்கியது. 1951-ஆம் ஆண்டு மக்கட் கணக்கின்படி, இந்திய நாட்டில் எழுத்தறிந்தோர் 100 பேரில் 18 பேரே ஆவர். அத்தகைய நாளில், பாத்திரங்கள் பல நடமாடும் ஐந்து பாகக் கதையை ஓர் எழுத்தாளர் வாரந்தோறும் எழுத முற்பட்டார். இதழின் விற்பனை 70,000 பிரதிகளைக் கடந்தது. கதை சென்ற தொலைவோ அதனினும் பெரிது. சென்னையில் அச்சான கட்டுகள் இரயிலேறி ஊர் ஊராக இறங்கின. நிலையத்திற்கே சென்று காத்திருந்து வாங்கினோரும் உளர். மின்விளக்கு எட்டாத சிற்றூர்களில் மாலை வேளையில் அரிக்கேன் விளக்கின் ஒளியில் பள்ளி செல்லும் சிறுவனோ ஆசிரியரோ உரக்கப் படிக்க, பெரியோரும் பெண்டிரும் செவிமடுத்தனர்.

சாதி வேற்றுமை அந்நாளில் ஊர்த் திண்ணைகளை விட்டு நீங்கியிருக்கவில்லை. ஒரு கதை அதனை நீக்கிவிட்டது என்று கூறுதல் மிகையாகும். ஆயினும், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வினா ஒரே வாரத்தில் எல்லாத் தெருக்களிலும் எழுந்தது. ஒரே கிணற்றில் நீர் மொள்ள இயலாத மக்கள் ஒரே கவலையைப் பங்கிட்டுக்கொண்டனர்.

விருத்தாசலம் பகுதியினர்க்கு அக்கதையில் தனி உரிமை உண்டு. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையேறி வரும் முதற்காட்சி வீரநாராயண ஏரிக்கரையில் நிகழ்கிறது. விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் வழியாகச் சென்றால் அடையக்கூடிய காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய வீராணம் ஏரியே அது. அவன் இரவு தங்கும் கடம்பூரும் அப்பகுதியினதே. இவற்றுக்கெல்லாம் மேலாக, காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடிக் கோயிற் கல்வெட்டு ஒன்று, கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்கள் பறிக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது. இரவிதாசன் என்னும் பெயரும் அதில் உண்டு. தாம் நாள்தோறும் நீர் பாய்ச்சும் ஏரியும், விளக்கேற்றும் கோயிலும் சோழர் வரலாற்றின் பகுதிகள் என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தனர்.

கல்கி இவற்றைக் கற்பனையால் மட்டும் எழுதினார் அல்லர். நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் ஆராய்ச்சி நூல்களைக் கற்றார், கதை நிகழும் இடங்களை நேரில் கண்டார், இலங்கைக்கும் சென்றுவந்தார். ஓவியர் மணியம் கதைமாந்தர்க்கு உருவம் அளித்தார்.

1954-ஆம் ஆண்டு மே மாதத்தில் கதை நிறைவுற்றது. கேட்டவர்கள் மனம் நிறைவுறவில்லை. கதைமாந்தர் பலர் பின்னர் என்ன ஆயினர் என்று வினவியும், முடிவு விரைந்து வந்துவிட்டது என்று குறைகூறியும் கடிதங்கள் வந்தன. கல்கி அவற்றைப் புறக்கணிக்கவில்லை. முடிவுரை ஒன்று எழுதி விடைகள் தந்தார். ஆயினும் கொலைசெய்தவர் இன்னார் என்று துணிந்து கூற அவர் உடன்படவில்லை. தமிழ்க் குடும்பங்களில் அருள்மொழி, குந்தவை, வானதி என்னும் பெயர்கள் குழந்தைகளுக்கு வைக்கப்பெற்றன.

அதே ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதில் கல்கி மறைந்தார். அவருடைய அலை ஓசைக்கு 1956-இல் சாகித்திய அகாதமி விருது வழங்கப்பெற்றது. 1999-இல் தமிழ்நாட்டு அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. அவர் இறந்தபோது அமரதாரா என்னும் தொடர்கதை முற்றுப்பெறாமல் நின்றது. அடுத்த வாரத்தை எதிர்நோக்கியிருந்தவர்களுக்காக, தந்தையார் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதனை எழுதி முடித்தார்.